ஐசிஎச்10ஆர் ரெய்டு 1: விண்டோஸ் 7-லிருந்து 10-க்கு ஏற்றினால் பூட் ஆவதில்லை

மாங்கூழ்_கணக்கு (காவேரிப்பட்டணம்)

வணக்கம். மாங்கூழ் ஆலையில் எடைமேடைக்கு வைத்திருக்கும் பிசி பற்றிய கேள்வி. விவரம் எல்லாம் கீழே இருக்கு, ஏதாவது விட்டுப்போயிருந்தா கேளுங்க.

போர்டு இன்டெல் பி45 சிப்செட், சவுத்பிரிட்ஜ் (டிஸ்க்குகளை இணைக்கிற சிப்) ஐசிஎச்10ஆர். கோர் 2 குவாட் கியூ9550, டிடிஆர்2 ராம் 8 ஜிபி. 1 டிபி ஹார்டு டிஸ்க் ரெண்டு, போர்டிலேயே உள்ள ரெய்டு 1-ல் (ஒரே டேட்டா ரெண்டு டிஸ்க்கிலும்) இருக்கு. இப்போ ஓடுறது விண்டோஸ் 7 புரொஃபஷனல் 64 பிட். எடை இண்டிகேட்டர் போர்டின் சீரியல் போர்ட்டில் நேரடியா மாட்டியிருக்கு, எடை காம் 1-ல் வரும். டேலியும் இதே பிசிதான். எடைமேடை சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பு விண்டோஸ் 10-க்குக் கீழே ஏறாது என்பதால்தான் இந்த வேலையே.

விண்டோஸ் 7-க்குள்ளிருந்து 10-இன் செட்டப்பை ஓட்டினால், ரீஸ்டார்ட் ஆனதும் 'இனாக்சசிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத்திரை. பிறகு தானே 7-க்குத் திரும்பிடுது. பென்டிரைவில் பூட் பண்ணி, 'லோடு டிரைவர்' கொடுத்து, இன்டெல் தளத்தில் கிடைத்த புது ஆர்எஸ்டியை (இன்டெல்லின் ரெய்டு டிரைவர்) காட்டினால், கையொப்பமிட்ட டிரைவர் எதுவும் இல்லைன்னு சொல்லுது. ரெண்டு டிஸ்க்கையும் கழற்றி வைத்துவிட்டு, வேறொரு டிஸ்க்கில் பயாஸை ஐடிஇ மோடில் வைத்துப் போட்டால் 10 ஏறிடுது. ஆனா டிவைஸ் மேனேஜரில் எஸ்எம் பஸ் கன்ட்ரோலர், ஏடிகே0110 ரெண்டுக்கும் மஞ்சள் முக்கோணம்.

எந்த ரெய்டு டிரைவர் போடணும்? சிப்செட் டிரைவர் எங்கே கிடைக்கும்? இல்ல, பேசாம நேரா விண்டோஸ் 11-க்கே போயிடலாமா? பெங்களூரா மாங்காய் வரத்து தொடங்கிட்டா லாரி வரிசை கட்டி நிக்கும், அப்புறம் இந்த பிசியைத் தொட விடமாட்டாங்க.

---

அரூர்_சர்வீஸ்

கடைசிக் கேள்வியை முதல்ல முடிச்சிடலாம். விண்டோஸ் 11 24எச்2 இந்த பிராசஸரில் பூட்டே ஆகாது. அதுக்கு பாப்கவுன்ட் என்ற கட்டளையும் எஸ்எஸ்இ 4.2-வும் வேணும், கோர் 2 வரிசையில் ரெண்டுமே கிடையாது. டிபிஎம் சோதனையைத் தாண்டுற குறுக்குவழிகள் இங்கே உதவாது, சிலிக்கானிலேயே இல்லாததை ரெஜிஸ்ட்ரியில் சேர்க்க முடியாதுங்க. விண்டோஸ் 10 ஓடும். ஆனா அதுக்கான பொது ஆதரவு 14 அக்டோபர் 2025-ல் முடிஞ்சுபோச்சு. எடைமேடை பிசிக்கு இன்டர்நெட் எதுக்கு? லேன் மட்டும் விட்டு, கேட்வே முகவரியைக் காலியா வைங்க.

அடுத்து சிப்செட் டிரைவர். நிறையப் பேர் இதுக்குத்தான் நாள் முழுக்கத் தேடுவாங்க. இன்டெல் 'சிப்செட் டிவைஸ் சாஃப்ட்வேர்'னு தர்ற தொகுப்பில் பெரும்பாலும் டிரைவரே கிடையாது. ஐஎன்எஃப் கோப்புகள்தான் இருக்கும், அதாவது இந்தச் சாதனத்துக்கு இந்தப் பெயர்னு விண்டோஸுக்குச் சொல்ற எழுத்துக் கோப்பு. அதில் தேதி 18 ஜூலை 1968-னு இருக்கும். வைரஸோன்னு பயப்படுறவங்க உண்டு. அது இன்டெல் கம்பெனி தொடங்கின நாள். ஒரே ஐடிக்கு ரெண்டு டிரைவர் பொருந்தினா விண்டோஸ் புதுத் தேதியுள்ளதை எடுக்கும். வெறும் பெயர்ப்பலகை ஐஎன்எஃப் போய் நிஜ டிரைவரைத் தள்ளிடக்கூடாதுன்னு, வேணும்னே பழைய தேதி போட்டிருக்காங்க. எஸ்எம் பஸ் முக்கோணத்தால வேகமும் குறையாது, டிஸ்க்கும் கெடாது. கண்ணை உறுத்தினா, போர்டு தயாரிப்பாளர் பக்கத்தில் விஸ்டா அல்லது 7-க்குன்னு இருக்கிற ஐஎன்எஃப் தொகுப்பைப் பிரிச்சு, 'அப்டேட் டிரைவர்' வழியா அந்த ஃபோல்டரைக் காட்டுங்க. ஏடிகே0110 போர்டு கம்பெனியோட ஓவர்கிளாக் கருவிக்கானது. வலது கிளிக், 'டிஸேபிள்', அவ்வளவுதான்.

இனி ரெய்டு. டிரைவர் தேடுறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது:

பிசியை முழுசா நிறுத்தி, ரெண்டு டிஸ்க்கில் ஒண்ணைக் கழற்றி, எந்த போர்ட்டில் இருந்ததுன்னு எழுதி ஒட்டி, அலமாரியில் வைங்க. இன்டெல் ரெய்டு 1-ல் மெட்டாடேட்டா டிஸ்க்கின் கடைசி செக்டார்களில் இருக்கும், டேட்டா முதல் செக்டாரிலிருந்தே தொடங்கும். அதனால கழற்றின டிஸ்க்கை எந்த பிசியில் மாட்டினாலும் சாதாரண டிஸ்க் மாதிரியே படிக்கலாம். இதைவிட சீக்கிரமான பேக்கப் கிடையாது. ஆனா ஒரு எச்சரிக்கை. வேலை முடிஞ்சதும் அதை அப்படியே திரும்ப மாட்டிடாதீங்க. உள்ளே இருக்கிறது புதுசு, வெளியே வச்சது பழசு. எதை எதிலிருந்து நகலெடுக்கணும்னு ரெய்டு தப்பா முடிவு பண்ணிட்டா பழைய விண்டோஸ் 7 மேல வந்து உட்கார்ந்துடும். திரும்பச் சேர்க்கும்போது, பழைய டிஸ்க்கை மட்டும் வேறொரு பிசியில் மாட்டி, பார்ட்டிஷன்களையும் கடைசி செக்டார்களையும் அழிச்சு, வெறும் டிஸ்க்காகக் கொண்டுவரணும்.

ஐடியைப் பார்க்க, விண்டோஸ் 7-ல் டிவைஸ் மேனேஜர், கன்ட்ரோலர் மேல் வலது கிளிக், 'டீடெய்ல்ஸ்', 'ஹார்ட்வேர் ஐடிஸ்'. உங்களுக்கு வென் 8086, டெவ் 2822, சிசி 0104-ன்னு வரணும். கடைசி எண்தான் மோடு: 0104-ன்னா ரெய்டு, 0106-ன்னா ஏஹெச்சிஐ (ரெய்டு இல்லாத சாதாரண சாட்டா மோடு), 0101-ன்னா ஐடிஇ (இன்னும் பழைய மோடு). பயாஸ் மெனுவில் என்ன எழுதியிருந்தாலும் இந்த எண் சொல்றதுதான் நிஜம்.

பூட் ஆகும்போது கன்ட்ரோல்-ஐ அழுத்தச் சொல்ற திரையில் ஆப்ஷன் ரோம் (பூட் நேரத்தில் ரெய்டைக் கவனிக்கிற, போர்டிலேயே உள்ள புரோகிராம்) பதிப்பு தெரியும். அதைக் குறிச்சுட்டு வந்து சொல்லுங்க, மீதியை அப்புறம் பார்ப்போம்.

---

பாலக்கோடு_டெக்

இவ்வளவு சுத்தணுமா அண்ணா? டிரைவர் பேக் ஒண்ணு இருக்கு, ஓட்டினா எல்லாத்தையும் தானே கண்டுபிடிச்சு லேட்டஸ்ட் போட்டுடும். 2822 ஐடிக்கு ஆர்எஸ்டி 15 கூட ஏறுது, நான் பார்த்திருக்கேன்.

---

அரூர்_சர்வீஸ்

ஏறும் தம்பி. சிக்கலே அங்கதான். 2822 என்ற ஐடியை இன்டெல் ஐசிஎச்8ஆர் காலத்திலிருந்து பல தலைமுறை டெஸ்க்டாப் சிப்களுக்கு ஒரே எண்ணாவே வச்சிருந்தாங்க. டிரைவர் பேக் ஐடியை மட்டும்தான் பார்க்கும், பின்னாடி இருக்கிறது 2008-ல் வந்த சிப்பா, பல வருஷம் கழிச்சு வந்ததான்னு அதுக்குத் தெரியாது. பொருந்துதுன்னு போட்டுடும். அடுத்த பூட்டில் 7பி, அதாவது அதே 'இனாக்சசிபிள் பூட் டிவைஸ்' நீலத்திரை வரலாம். இல்லேன்னா பூட் ஆகி, அர்ரே அரைகுறையா நிக்கும், அது இன்னும் மோசம். சவுண்ட் கார்டுக்கு டிரைவர் பேக் தப்பில்ல. பூட் டிஸ்க் மாட்டியிருக்கிற கன்ட்ரோலருக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்.

இன்னொண்ணு, இன்டெல் தளத்தில் இப்போ முன்னாடி வர்ற புது தொகுப்புகள் பெரும்பாலும் விஎம்டி (பிராசஸருக்குள்ளேயே வர்ற டிஸ்க் கன்ட்ரோலர் வசதி) உள்ள புது பிராசஸர்களுக்கானவை. பி45-ல் விஎம்டியே கிடையாது. அதனாலதான் அவருக்குக் 'கையொப்பமிட்ட டிரைவர் இல்லை'ன்னு வந்திருக்கும். அந்தச் செய்தியோட வார்த்தையை நம்பி கையொப்பத்தைத் தேடப் போகாதீங்க. பொருந்துற ஐஎன்எஃப் கிடைக்கலேன்னாலும் அதே செய்திதான், 64 பிட் செட்டப்புக்கு 32 பிட் ஃபோல்டரைக் காட்டினாலும் அதே செய்திதான், ஜிப்பைப் பிரிக்காம பென்டிரைவில் போட்டிருந்தாலும் அதேதான்.

---

மாங்கூழ்_கணக்கு

ரொம்ப நன்றிங்க அண்ணா. ஐடி நீங்க சொன்ன மாதிரியே 2822, சிசி 0104. ஆப்ஷன் ரோம் 'மேட்ரிக்ஸ் ஸ்டோரேஜ் மேனேஜர் 8.0'ன்னு தொடங்குது. விண்டோஸ் 7-ல் இப்போ இருக்கிற டிரைவர் ஐஏஸ்டோர், 8-ல் தொடங்குற பதிப்பு. ஒரு டிஸ்க்கைக் கழற்றி வச்சாச்சு.

---

அரூர்_சர்வீஸ்

சரி, தெளிவா இருக்கு. உங்களுக்கு வேண்டியது ஆர்எஸ்டி 11.2.0.1006, 64 பிட், எஃப்6 ஜிப் (செட்டப்பில் காட்டுறதுக்கான வெறும் டிரைவர் கோப்புகள்). ஐசிஎச்10ஆர் மாதிரி பழைய சிப்புக்குப் பெரும்பாலும் எல்லாரும் இதிலேயே நிறுத்திக்குவாங்க. இதுக்கு அடுத்த 11.5-லிருந்து டிரைவரின் அமைப்பே மாறிப்போச்சு, ஐஏஸ்டோர் போய் ஐஏஸ்டோர்ஏ, ஐஏஸ்டோர்எஃப்-ன்னு ரெண்டா வந்துடுச்சு. பழைய ஆப்ஷன் ரோமுக்குப் பழைய டிரைவர்தான் தோது.

இன்டெல் பழைய டவுன்லோடுகள் நிறையவற்றை எடுத்துட்டாங்க, அதனால வேற இடத்திலிருந்து எடுக்க வேண்டி வரலாம். எங்கே எடுத்தாலும் ஐஏஸ்டோர் டாட் சிஸ் கோப்பில் வலது கிளிக், 'பிராப்பர்ட்டீஸ்', 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' பாருங்க. மைக்ரோசாஃப்டின் ஹார்ட்வேர் கம்பாட்டிபிலிட்டி பப்ளிஷர்னு கையொப்பம் இருக்கணும், 'இந்தக் கையொப்பம் சரி'ன்னு வரணும். இல்லேன்னா தூக்கிப் போடுங்க. ஐஎன்எஃப்-ஐ நோட்பேடில் திறந்து ஐடி சேர்க்கச் சொல்ற வீடியோக்கள் இருக்கும். ஒரு எழுத்து மாத்தினாலும் கையொப்பம் இருக்கிற கேட் கோப்பில் உள்ள ஹாஷ் பொருந்தாது, கையொப்பம் போச்சு. உங்க ஐடி ஏற்கெனவே அதில் இருக்கு, மாத்தத் தேவையே இல்ல.

இருக்கிற விண்டோஸை அப்படியே ஏத்தணும்னா:

விண்டோஸ் 7-லேயே முதல்ல 11.2-வை நிறுவி, ரீஸ்டார்ட் பண்ணுங்க. 8-ஆம் பதிப்போட நேரா மேலே போனதுதான் உங்க நீலத்திரைக்குப் பெரும்பாலும் காரணம். ஒரு டிஸ்க் வெளியே இருக்கிறதால 'டீகிரேடட்'னு காட்டும், அது இருக்கட்டும். ஆன்டிவைரஸை நீக்குங்க. பிறகு எஃப்6 ஜிப்பைப் பிரிச்சு, சி டிரைவில் சின்னப் பெயரா ஒரு ஃபோல்டரில் வைங்க. விண்டோஸ் 10-இன் செட்டப்பை ரெண்டு தடவை கிளிக் பண்ணித் திறக்காம, அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டிலிருந்து ஓட்டணும். செட்டப்னு எழுதி, சாய்கோடு போட்டு 'இன்ஸ்டால்டிரைவர்ஸ்', ஒரு இடைவெளி, பிறகு அந்த ஃபோல்டரின் பாதை. இப்படிக் கொடுத்தா முதல் ரீஸ்டார்ட்டுக்கு முன்னாடியே டிரைவர் உள்ளே போயிடும்.

அப்படியும் 7பி வந்தா ரெஜிஸ்ட்ரியில் பாருங்க. லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட்கன்ட்ரோல்செட், சர்வீசஸ், அதுக்குள்ள ஐஏஸ்டோர். 'ஸ்டார்ட்' மதிப்பு 0 ஆக இருக்கணும். 3-ன்னு இருந்தா பூட் நேரத்தில் டிரைவர் ஏறாது, டிஸ்க் தெரியாது, விண்டோஸ் தன் சி டிரைவையே தேடிட்டு நிக்கும்.

புதுசாப் போடுறதா இருந்தா வேலை இன்னும் சுலபம். பென்டிரைவ் ஃபேட்32, பிரிச்ச ஃபோல்டர் அதில். விண்டோஸ் 10-க்குள்ளேயே ஐஏஸ்டோர்வி என்ற பழைய டிரைவர் இருக்கு, அதனால பெரும்பாலும் எதுவும் கேட்காமலேயே 931 ஜிபி வால்யூம் ஒண்ணு தெரியும். ரெண்டு 931 தெரிஞ்சா (ரெண்டு டிஸ்க்கும் மாட்டியிருக்கும்போது) அங்கேயே நிறுத்துங்க. ரெய்டு மோடில் இல்லைன்னு அர்த்தம், அதில் எழுதினா மிரர் உடையும். எதுவுமே தெரியலேன்னாதான் 'லோடு டிரைவர்'. பட்டியலில் ரெண்டு மூணு பெயர் வரும், 'சாட்டா ரெய்டு கன்ட்ரோலர்'னு முடியறதை எடுங்க. ஐஏஏஹெச்சிஐ என்ற ஐஎன்எஃப் உங்களுக்கானது இல்ல.

ஏறினதும் விண்டோஸ் அப்டேட் தானே டிரைவரை மாத்தாம இருக்க, 'டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்'-ல் 'நோ' கொடுத்துடுங்க. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'-ஐயும் அணைச்சிடுங்க. அது இருந்தா 'ஷட்டவுன்' கொடுத்தாலும் முழு ஷட்டவுன் ஆகாது. டிஸ்க்கைக் கழற்றி மாட்டுற நேரத்தில் அது ஆபத்து.

---

சூளகிரி_லினக்ஸ்

அரூர் நண்பர் சொன்ன முறை சரி. ஆனால் அடிப்படைக் கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த பிசிக்கு அந்த ரெய்டு இன்னும் வேண்டுமா?

போர்டு ரெய்டு என்பது பாதி பயாஸ், பாதி டிரைவர். கணக்கு எல்லாம் பிராசஸர்தான் போடுகிறது. தனி சிப்போ, கேஷ் பேட்டரியோ கிடையாது. போர்டு போய்விட்டால், டிஸ்க்கைத் தனியாகப் படிக்க முடிந்தாலும், ரெய்டாகவே ஓட்ட அதே வகை இன்டெல் ரெய்டு உள்ள வேறு போர்டு தேட வேண்டும். எஸ்எஸ்டி மாட்ட நினைத்தாலும், 8.0 ஆப்ஷன் ரோம் ரெய்டில் டிரிம் கட்டளை (அழித்த இடம் எது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வது) உள்ளே போகாது, நாளாக ஆக எழுதும் வேகம் விழும். அதே எஸ்எஸ்டி ஏஹெச்சிஐ மோடில் இருந்தால் டிரிம் போகும். போர்ட் சாட்டா 2 என்பதால் 3 ஜிகாபிட்தான், ஆனால் எடைமேடைக்கும் டேலிக்கும் அது தாராளம். 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கை அந்த ஆப்ஷன் ரோமிடம் கொடுக்கவும் வேண்டாம்.

ஏஹெச்சிஐக்கு மாற விரும்பினால் விண்டோஸ் 10 ஏறிய பிறகு செய்யுங்கள். எம்எஸ்கான்ஃபிக் திறந்து, 'பூட்' தாவலில் 'சேஃப் பூட், மினிமல்' குறியிட்டு ரீஸ்டார்ட். விண்டோஸ் தொடங்கும் முன்பே பயாஸுக்குள் போய் ரெய்டை ஏஹெச்சிஐ ஆக்குங்கள். சேஃப் மோடில் பூட் ஆகும்போது ஸ்டோர்ஏஹெச்சிஐ டிரைவர் தானாக இயங்கத் தொடங்கும். பிறகு அந்தக் குறியை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். இதைச் செய்யும்போது ஒரே ஒரு டிஸ்க்தான் மாட்டியிருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் இரண்டுக்கும் ஒரே டிஸ்க் சிக்னேச்சர் என்பதால் விண்டோஸ் ஒன்றை 'ஆஃப்லைன்' ஆக்கிவிடும். எது ஆஃப்லைன் ஆகும் என்பது உங்கள் கையில் இல்லை. கன்ட்ரோல்-ஐ மெனுவில் 'டிலீட் ரெய்டு வால்யூம்' என்று இருப்பதைத் தொடவே தொடாதீர்கள், பார்ட்டிஷன் அட்டவணையும் சேர்ந்து போகும்.

விண்டோஸ் எதிலும் பூட் ஆகாத நிலை வந்தால் உபுண்டு லைவ் பென்டிரைவ் போதும். எம்டிஏடிஎம் கருவிக்கு இன்டெல் மெட்டாடேட்டா புரியும். அர்ரேவைச் சேர்த்ததும் எம்டி127 என்று ஒரு கன்டெய்னரும், எம்டி126 என்று வால்யூமும் வரும். மவுன்ட் செய்ய வேண்டியது 126-ஐ, அதுவும் 'ரீட்-ஒன்லி' ஆக. என்விடியா என்ஃபோர்ஸ், சிலிக்கான் இமேஜ், வியா போர்டு ரெய்டு என்றால் எம்டிஏடிஎம் உதவாது, டிஎம்ரெய்டு என்ற பழைய கருவி வேண்டும். புதிய வெளியீடுகள் சிலவற்றில் அதை எடுத்துவிட்டார்கள், எனவே பழைய லைவ் சிடி ஒன்றைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

பிசியையே மாற்றிவிட்டு யுஎஸ்பி-சீரியல் கேபிள் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். சொன்னால் சிப் எது என்று கேளுங்கள். பழைய பிஎல்2303 எச்எக்ஸ்ஏ சிப் உள்ள கேபிள்களைப் புதிய டிரைவர் ஏற்பதில்லை, டிவைஸ் மேனேஜரில் கோட் 10 நிற்கும். போர்டின் சொந்த காம் போர்ட்டுக்கு அந்தத் தலைவலி இல்லை, விண்டோஸுக்குள்ளேயே டிரைவர் இருக்கிறது.

---

ஓசூர்_ஷாப்ஃப்ளோர்

இதே திரியில் கேட்கலாமா? சிப்காட்டில் ஒரு மெஷின் ஷாப். டெல் ஆர்710 சர்வர், ரெய்டு கார்டு பெர்க் 6/ஐ. சென்ட்ஓஎஸ் 7-ல் ஓடிட்டிருந்தது. ராக்கி லினக்ஸ் 8 போடப் பார்த்தா இன்ஸ்டாலரில் டிஸ்க்கே தெரியல. கார்டு போயிடுச்சா? பெங்களூரு எஸ்பி ரோட்டில் வேற கார்டு வாங்கிடலாமான்னு யோசனை.

---

சூளகிரி_லினக்ஸ்

கார்டு நன்றாகத்தான் இருக்கும், வாங்கப் போகாதீர்கள். ரெட் ஹாட் 8-ஆம் பதிப்பில் மெகாரெய்டு எஸ்ஏஎஸ் டிரைவரை வைத்துக்கொண்டு, அதன் பட்டியலிலிருந்து பழைய ஐடிகளை மட்டும் நீக்கினார்கள். உங்கள் கார்டில் இருப்பது எல்எஸ்ஐ 1078 சிப், ஐடி 1000:0060. நீக்கியவற்றில் அதுவும் ஒன்று. ராக்கி அதே கர்னலைத்தான் எடுக்கிறது, அதனால் டிஸ்க் தெரியவில்லை.

மூன்று வழிகள் உண்டு. முதலாவது எல்ரெப்போ (ரெட் ஹாட் வகை லினக்ஸுக்குக் கூடுதல் டிரைவர் தரும் தளம்) தரும் டிரைவர் டிஸ்க். உங்கள் இன்ஸ்டாலரின் துணைப் பதிப்புக்கு, அதாவது 8.8-க்கு 8.8, 8.10-க்கு 8.10 என்று பொருந்தும் ஐஎஸ்ஓவை எடுத்து, இன்னொரு பென்டிரைவில் எழுதி, பூட் வரியில் 'இன்ஸ்ட் டாட் டிடி' சேர்த்தால் இன்ஸ்டாலர் கேட்டு வாங்கிக்கொள்ளும். துணைப் பதிப்பு பொருந்தாவிட்டால் டிரைவர் ஏறாமல் போகலாம். இதில் உள்ள தொல்லை, பிற்பாடு கர்னல் அப்டேட் வரும்போதெல்லாம் அந்த கேமாட் (டிரைவர்) தொகுப்பும் கூடவே வர வேண்டும். எல்ரெப்போவை ரெப்போ பட்டியலில் நிரந்தரமாக வைக்காமல் அப்டேட் கொடுத்தால், சர்வர் ஒரு நாள் ரூட் டிஸ்க் இல்லாமல் நிற்கும்.

இரண்டாவது ஆல்மாலினக்ஸ். 9.4-இலிருந்து அவர்கள் இந்த நீக்கிய ஐடிகளைத் திரும்பச் சேர்த்தார்கள், மெகாரெய்டு எஸ்ஏஎஸ், எம்பிடி3எஸ்ஏஎஸ், ஏஏசிரெய்டு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் 9-ஆம் வரிசைக்கு எக்ஸ்86-64-வி2 (எஸ்எஸ்இ 4.2, பாப்கவுன்ட் அடங்கிய கட்டளைத் தொகுதி) உள்ள பிராசஸர் கட்டாயம். உங்கள் ஆர்710-இல் ஜியான் 5500 அல்லது 5600 இருக்கும், அவை தேறும். இதே கார்டு வந்த பழைய 2950 சர்வரில் ஜியான் 5400 என்றால் தேறாது, லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியே ஓட மறுக்கும்.

மூன்றாவது டெபியன். மூல கர்னலில் இந்த ஐடி நீக்கப்படவில்லை, அதனால் தனி டிரைவர் எதுவும் தேவையில்லை. புதிதாகத்தான் போடப் போகிறீர்கள் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

எதைப் போட்டாலும் பெர்க் 6/ஐ-க்கு 2 டிபிக்கு மேல் டிஸ்க் தெரியாது. கார்டின் பேட்டரியையும் பாருங்கள். அது செத்திருந்தால் கேஷ் 'ரைட்-த்ரூ' ஆகிவிடும், எழுதும் வேகம் பாதாளத்துக்குப் போகும். அதைப் பார்த்துவிட்டு டிரைவர் சரியில்லை என்று பலர் நினைப்பதுண்டு.

---

மாங்கூழ்_கணக்கு

செட்டப்பில் டிரைவர் சுவிட்ச் கொடுத்து ஏத்தினதும் விண்டோஸ் 10 வந்துடுச்சு. டேலி, காம் 1 எல்லாம் சரி. இப்போ ரெண்டு விஷயம். அப்பப்போ அரை நிமிஷம் போல எல்லாம் உறைஞ்சு நின்னுட்டு மறுபடி ஓடுது. ஈவென்ட் வியூவரில் ஐஏஸ்டோர், எண் 129, ரெய்டுபோர்ட்0-க்கு ரீசெட்னு இருக்கு. இன்னொண்ணு, நேத்து ராத்திரி மெயின் ஸ்விட்சை அணைச்சுட்டுப் போனாங்க, காலையில பூட் ஆகாம அதே நீலத்திரை. பயாஸில் பார்த்தா சாட்டா மோடு ஐடிஇ-ன்னு இருக்கு. யாரும் மாத்தல. திரும்ப ரெய்டு வச்சதும் ஓடுது. டிரைவர் தகராறா?

---

அரூர்_சர்வீஸ்

ரெண்டுமே டிரைவர் இல்லைங்க.

பயாஸ் தானா ஐடிஇக்குப் போறது சிமாஸ் பேட்டரி. சிஆர்2032, கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். கரண்ட் இருக்கிற வரைக்கும் போர்டு எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டேண்ட்பை மின்சாரத்தில் செட்டிங்கை வச்சுக்கும், மெயின் அணைஞ்சதும் மறந்துடும். மல்டிமீட்டரில் புதுசு 3 வோல்ட்டுக்கு மேலேயே காட்டும், உங்களது நல்லாவே குறைஞ்சிருக்கும். தேதியும் பழசாப் போயிருக்கான்னு பாருங்க. இதை அலட்சியமா விடாதீங்க. ஐடிஇ மோடில் நீலத்திரை வந்தது உங்க நல்ல நேரம். சில பிசியில் அந்த மோடிலேயே பூட் ஆகிடும், ரெண்டு டிஸ்க்கும் மாட்டியிருந்தா ஒண்ணில் மட்டும் எழுதிட்டே போகும். பிறகு யாராவது ரெய்டுக்கு மாத்தினா, ரெண்டு டிஸ்க்கிலும் வேற வேற டேட்டா இருக்க, ரெய்டு 'நார்மல்'னு பச்சை காட்டும்.

பேட்டரி மாத்தினதும் பயாஸில் மோடு ரெய்டா, பூட் வரிசை சரியா, தேதி சரியான்னு பார்த்து சேவ் பண்ணுங்க. போர்டின் ஐடிஇ போர்ட்டுக்கு ஜேமைக்ரான் கன்ட்ரோலர் தனியா இருந்தா, டிவிடி டிரைவ் மாட்டாத பட்சத்தில் அதையும் அணைச்சிடுங்க, பூட் கொஞ்சம் சீக்கிரமாகும்.

129 என்பது டிஸ்க் பதில் சொல்லலேன்னு டிரைவர் பொறுத்துப் பார்த்து ரீசெட் அடிச்ச பதிவு. டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே வச்சிருக்கிற ஸ்மார்ட் மதிப்பைப் பாருங்க. 199-ஆம் எண் (கேபிள் வழிப் பிழைகள்) ஏறிட்டே இருந்தா சாட்டா கேபிள். கிரானைட் தூசி படிஞ்ச ஆலைப் பக்கம் கனெக்டரே போதும் இதுக்கு. கிளிப் உள்ள புது கேபிளா மாட்டுங்க. 197-ஆம் எண் (படிக்க முடியாம நிக்கிற செக்டார்கள்) பூஜ்யம் இல்லேன்னா டிஸ்க்கின் பரப்பே போகுது, அந்த டிஸ்க்கை நம்பாதீங்க. சாதா டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு கெட்ட செக்டாரைப் படிக்க நீண்ட நேரம் முயற்சி பண்ணும், ரெய்டு டிரைவருக்கு அந்தப் பொறுமை கிடையாது. ரெண்டுமே சுத்தமா இருந்தா பவர் ஆப்ஷன்ஸில் 'ஹை பர்ஃபார்மன்ஸ்' வச்சு, டிஸ்க் அணையற நேரத்தை 0 ஆக்குங்க. ஆர்எஸ்டி சாளரத்தில் லிங்க் பவர் மேனேஜ்மென்ட் தெரிஞ்சா அதையும் அணைச்சிடுங்க.

இதெல்லாம் தெளிஞ்ச பிறகுதான் ரெண்டாவது டிஸ்க்கைச் சேர்க்கணும். 199, 197 பார்க்காம ரீபில்ட் கொடுத்தா, நகலெடுக்கிற பாதியில் மூல டிஸ்க் மக்கர் பண்ணும். அலமாரியில் இருக்கிற விண்டோஸ் 7 டிஸ்க்கை இதுக்கு எடுக்காதீங்க, வேற 1 டிபி மாட்டுங்க. ஆப்ஷன் ரோம் 'ரீபில்ட்'னு குறிச்சு மட்டும் வைக்கும், நிஜ நகல் விண்டோஸுக்குள் டிரைவர்தான் எடுக்கும். 1 டிபிக்கு சும்மா இருந்தாலே மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும், எடை போட்டுட்டே இருந்தா இன்னும் இழுக்கும். யுபிஎஸ்ஸில் வச்சு, ஞாயித்துக்கிழமை பார்த்துப் பண்ணுங்க.

---

மாங்கூழ்_கணக்கு

பேட்டரி 2.4 வோல்ட்தான் காட்டுச்சு, மாத்தியாச்சு. 199 ஆயிரத்தைத் தாண்டியிருக்கு, 197 பூஜ்யம். கேபிள் மாத்தினதுக்குப் பிறகு 199 ஏறல, 129-ம் வரல. சீசன் முடியற வரைக்கும் ஒரே டிஸ்க், டேலி ஃபோல்டரும் எடைமேடை டேட்டாபேஸும் தினமும் ராத்திரி வெளி டிஸ்க்குக்கு நகல். அதுக்கப்புறம் எஸ்எஸ்டி வாங்கி ஏஹெச்சிஐக்கு மாத்திக்கிறதா முடிவு. அப்போ அந்த விண்டோஸ் 7 டிஸ்க்கை அழிச்சிடலாமா?

---

அரூர்_சர்வீஸ்

ஆடிட் முடியற வரைக்கும் வேண்டாம்.